பட்டணம் எங்கயும் ஓடிப் போயிராது

ஏப்பா பேராண்டி, நெசமாவா? சென்னைக்கு மூணு நாளு. பாக்கப் போற எடம் இருபத்தேழு. அதுக்கு ஒரு வாட்சாப் குரூப்பு. குரூப்புக்கு ஆறு அட்மினு. போற ஆளே கைக்கொழந்தையோட சேத்துப் பதினோரு பேருதான். இதுல எல்லாருக்கும் ஒரே கலர்ல டீசட்டை வேற, முதுகுல ‘சென்னை டூர்’னு அச்சடிச்சு! எதுக்குய்யா அது? காணாமப் போனா கண்டுபிடிக்கவா? பெத்த புள்ளையைச் சட்டையை வச்சா தேடுவாக?

சரி, தப்பில்ல. தீவாளியோட பட்டாசு செய்யிற பயர் ஆபீசுல லீவு விடுவாக. போனசு கைக்கு வரும். திரும்பப் பூசை போட்டு ஆபீசு தொறக்குற வரைக்கும் வீட்டுல சும்மாதான் உக்காந்திருக்கணும். வருசம் பூரா மருந்துக் கையோட நிக்கிற புள்ளைக நாலு நாளு கடக்காத்து வாங்கிட்டு வாங்க. தாத்தன் குறுக்க நிக்க மாட்டேன்.

ஆனா ஒன் லிஸ்ட்டைப் படிச்சேன் பாரு, படிக்கிறதுக்குள்ள எனக்கு மூச்சு வாங்கிருச்சு. ஒம்பது மணிக்கு வண்டலூரு. பதினொண்ணுக்கு மகாபலிபுரம். ஒரு மணிக்கு எழும்பூரு மியூசியம். மூணு மணிக்கு மாலு. அஞ்சு மணிக்குக் கடற்கரை. நீ ஊரு பாக்கப் போறியா, வீடு வீடாக் கரண்டு ரீடிங் எடுக்கப் போறியா? இந்தக் கணக்குல அப்பத்தா முட்டிவலி எங்க வருது? கைக்கொழந்தை தூங்குறது எங்க வருது? ஒரு நாளைக்கு ரெண்டு எடம் பாத்தா போதும். காலையில ஒண்ணு, வெயில் தாழ ஒண்ணு. விட்டுப்போனதை அடுத்த வருசம் பாரு. பட்டணம் அங்கனதான் கெடக்கும்.

மொதல்ல நாளைப் பாத்தியா? நீ மியூசியத்துக்குப் போட்டிருக்கிறது வெள்ளிக்கெழமை. எழும்பூரு மியூசியம் 1851-ல தொறந்தது. அதுக்கு வாராவாரம் வெள்ளிக்கெழமை லீவு. பூட்டுன கேட்டு முன்னால பதினோரு டீசட்டையும் நின்னு போட்டோ எடுப்பியா? வண்டலூரு ஜூவுக்குச் செவ்வாக்கெழமை லீவு. சிங்கமும் ஒரு நாளு காலை நீட்டிப் படுக்க வேணாமா? இதையெல்லாம் ஆறு அட்மின்ல ஒருத்தனும் பாக்கலையே. டீசட்டைக்கு என்ன எழுத்து போடுறதுன்னு மட்டும் ராத்திரி பன்னெண்டு மணி வரைக்கும் பேசிருக்கீங்க.

அந்தச் சட்டை பாலிஸ்டர்தானே? தடவிப் பாத்தேன். பயர் ஆபீசுக்குள்ள போறப்ப பருத்திதானடா உடுத்துற? பட்டணத்துக்கும் அதையே உடுத்து. நம்ம வெயிலு ஆளைக் காய வைக்கும். அவுக வெயிலு வேக வைக்கும். இந்த வறண்ட காத்து இருக்கப் போயித்தான் சிவகாசியில தீப்பெட்டியும் பட்டாசும் அச்சாபீசும் தழைச்சுச்சு. அங்க அந்தக் காத்து கிடையாது. காலையில போட்ட சட்டையைப் பத்து மணிக்குப் பிழியலாம். அதுவும் ஐப்பசி, கார்த்திகையில போற. அது அங்க அடைமழைக் காலம்னு யாராச்சும் சொன்னாகளா? 2015 டிசம்பர் மொத வாரம் அடையாறு ஊருக்குள்ள பூந்தது டிவியில பாக்கலையா? குடை எடுத்துக்க. வானிலைச் செய்தி கேளு. பெருமழைன்னு சொன்னா லிஸ்ட்டைக் கிழிச்சுப் போட்டுட்டு ரூமுலயே உக்காரு. சீட்டு விளையாடு.

இப்ப டிக்கெட்டு. முன்னால நாலு மாசத்துக்கு முந்தியே எடுக்கலாம். 2024 நவம்பர்ல இருந்து 60 நாளைக்கு முன்னதான். அறுவதாவது நாளு காலையில எந்திரிச்சு எடுக்கிறவன் உக்காந்து போவான். மத்தவன் தக்கால்னு அலைவான். அந்தத் தக்காலுக்கும் இப்ப ஆதார் வேணும். பொதிகை எக்ஸ்பிரஸ் நம்ம சிவகாசி, விருதுநகர் வழியாத்தான் போகுது. ராத்திரி படுத்தா வெடியக்காலம் பட்டணம். ஒனக்கு அது பத்தாது. ‘வந்தே பாரத்’ வேணும்னு ஒத்தக் கால்ல நிக்கிற. அதுவும் நல்ல வண்டிதான், 2023 செப்டம்பர்ல இருந்து விருதுநகர்லயும் நிக்குது. ஆனா அது பகல் வண்டி. காசும் கூட, பகல்ல பாதியும் போச்சு. மூணு நாளுல அரை நாளை வண்டி சன்னல்லயே செலவழிச்சுட்டு, “நாளு பத்தலை தாத்தா”ன்னு எங்கிட்ட வந்து அழுவ.

பஸ்ஸுல போனா இன்னொரு கூத்து. கோயம்பேடுன்னு நெனச்சுக்கிட்டு ஏறாத. 2023 டிசம்பர் கடைசியில கிளாம்பாக்கத்துல புது பஸ் ஸ்டாண்டு தொறந்துட்டாக. தெக்க இருந்து போற பஸ்ஸுக்கு இப்ப அதான் எல்லை. அங்க எறங்கி ‘ரீச்டு சென்னை’ன்னு ஸ்டேட்டஸ் போடுவ. எழும்பூருக்கு இன்னும் முப்பது கிலோமீட்டர் போலக் கெடக்கும். ஆனா வண்டலூரு பக்கத்துலயே இருக்கு. பஸ்ஸுல போறவன் மொத நாளே புலியைப் பாத்துட்டு ஊருக்குள்ள போறதுதான் புத்தி. ஊருக்குள்ள போயி ரூமு போட்டு, மறுநாள் அம்புட்டு தூரமும் திரும்பி வந்து புலி பாக்கிறவனை என்ன சொல்ல?

இனி சாமான். இங்கதான் ஒன் வண்டவாளம் தெரிஞ்சுச்சு. பையில அடியில என்னமோ பழைய பேப்பர்ல சுத்தி வச்சிருக்கியே, என்னடா அது? ஓகோ. பட்டணத்துச் சித்தி கேட்டாகளா? “சிவகாசியில இருந்து வாரீக, தீவாளிக்குத்தான் அனுப்பல, கார்த்திகைக்காச்சும் ரெண்டு பெட்டி கொண்டாங்க”ன்னு. கேப்பாக, கேப்பாக. பட்டணத்துக்காரவுகளுக்கு நம்மளைக் கண்டா வேற என்ன ஞாபகம் வரும்? சிவகாசிக்காரன்னா பட்டாசு பைக்குள்ளயே மொளைக்கும்னு நெனப்பு.

யய்யா, கேட்டுக்க. ரயில்ல பட்டாசு ஆகவே ஆகாது. கம்பி மத்தாப்பு, சீனி வெடி எதுவும். 1989-ஆம் வருசத்து ரயில்வே சட்டத்துல இதுக்குன்னே பிரிவு இருக்கு. 3 வருசம் வரைக்கும் செயிலு, இல்ல 1,000 ரூவா வரைக்கும் அபராதம், இல்ல ரெண்டும். அந்த ஆயிரம் ரூவாயைப் பாத்துச் சிரிக்காத, மூணு வருசத்தைப் பாரு. சட்டத்தை விடு. மருந்து என்ன செய்யும்னு ஒனக்கு நான் சொல்லணுமா? மத்த ஊர்க்காரன் தெரியாமக் கொண்டுபோனேன்னு சொன்னாலும் சொல்லலாம். நீ சொல்ல முடியுமா? ஆபீசு வாசல்ல செருப்பைக் கழட்டி, செல்போனை வெளிய வச்சுட்டு உள்ள போறவன் நீ. ஒரு பொறி எம்புட்டு எடம் பாயும்னு படிக்காமலே தெரிஞ்சவன். எழுவது பேரு படுத்துத் தூங்குற பெட்டியில பெர்த்துக்கு அடியில அதைத் தள்ளி வைப்பியாக்கும்?

சித்திகிட்டச் சொல்லிரு. தீவாளிக்கு அவுக ஊருலயே தீவுத்திடல்ல வரிசையாக் கடை போடுறாக. அங்க விக்கிறதும் நம்ம ஊரு சரக்குதான். வெடிக்கிறது என்னமோ காலையில 6-ல இருந்து 7, ராத்திரி 7-ல இருந்து 8. தீவாளிக்கே சர்க்காரு குடுத்த நேரம் அந்த ரெண்டு மணிதான். அதுக்கு எம் பேரன் செயிலுக்குப் போக முடியாது.

வெறுங்கையோட போகச் சொல்லலை. சாத்தூரு சேவு வாங்கிக்க. காரம் தூக்கலாப் பாத்து வாங்கு. ஸ்ரீவில்லிபுத்தூரு பால்கோவா வாங்கிக்க, 2019-ல புவிசார் குறியீடெல்லாம் வாங்கிருச்சு. ஆனா அது பால் சரக்கு. எறங்குன அன்னைக்கே குடுத்துரு. மூணு நாளு ஊரு சுத்திட்டுக் கடைசியில குடுத்தா ஸ்ரீவில்லிபுத்தூருக்கே கெட்ட பேரு. அப்புறம் தினசரிக் காலண்டரு நாலு எடுத்துக்க. ஆடிப் பதினெட்டுக்கே அடுத்த வருசத்துக் காலண்டரு ஆல்பம் போட்டுருற ஊருய்யா இது. அதை வாங்குனா சித்தி வருசம் பூரா தாளைக் கிழிக்கிறப்ப ஒன்னைய நெனைப்பாக. வெடிக்கவும் வெடிக்காது.

சித்தி வீடுன்னதும் ஞாபகம் வருது. பதினோரு பேரும் அங்கயே தங்கப் போறீகளா? அது ரெண்டு ரூமு வீடு. ஒரு கக்கூசு. தண்ணி லாரியில வருது. ஒரு பொழுது சாப்பிடு, சேவைக் குடு, ஊர்க்கதை பேசு, எந்திரி. “இருந்துட்டுப் போங்க”ம்பாக. சொல்லத்தான் செய்வாக. அந்த வார்த்தையில எத்தனை பங்கு மெய்யின்னு அடுப்படியில பாத்திரம் விழுற சத்தத்துல தெரிஞ்சுரும். எழும்பூரு ஸ்டேசனுக்கு எதுக்க கென்னட் லேன் பக்கம் லாட்ஜு வரிசையா இருக்கு. ரூமைக் கண்ணால பாத்து, பைப்பைத் தொறந்து பாத்து, அப்புறம் காசைக் குடு. செல்லுல இருக்கிற போட்டோவை நம்பாத. எல்லா லாட்ஜும் போட்டோவுல அரண்மனைதான். எல்லார் ஆதாரும் கையில இருக்கட்டும்.

ஊருக்குள்ள சுத்துறதுக்கு ஒனக்குச் செல்லைத் தட்டுனா கார் வரணும். வரும். வந்து சிக்னல்ல நிக்கும். அந்தா அந்தப் பக்கம் தாம்பரத்துல இருந்து பீச் வரைக்கும் கரண்டு ரயிலு 1931-ல இருந்து ஓடிக்கிட்டிருக்கு. இன்னைக்கும் கொறஞ்ச டிக்கெட்டு 5 ரூவா. அதுல ஏறினா ஒனக்கு மருவாதி கொறைஞ்சுருமா? காலையிலயும் சாயங்காலமும் வேலைக்குப் போற கூட்டத்துல மட்டும் மாட்டிக்கிறாத. அவுக பொழப்பு பாக்கப் போறாக, நீ வேடிக்கை பாக்கப் போற. பொம்பளைக பெட்டி, பஸ்ட் கிளாசு பெட்டி எதுன்னு பாத்து ஏறு. ஓடி ஏறிட்டு அப்புறம் முழிக்காத. பஸ்ஸுன்னா பொம்பளைகளுக்கு ரோஸ் கலர் அடிச்ச சாதா பஸ்ஸுல காசே கிடையாது. 2021-ல இருந்து நடக்குது, நம்ம டவுன் பஸ்ஸுல உள்ள சட்டந்தான். அப்பத்தா ஓசியில பட்டணத்தைச் சுத்திட்டு வந்துரும், நீ ஏசி காருக்குக் கடன் வாங்கு.

ஆட்டோவா? 2013-ல சர்க்காரு ஒரு ரேட்டு போட்டுச்சு. மொத 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூவா, மேல கிலோமீட்டருக்கு 12. அதைப் படிச்சுட்டுப் போயி ஆட்டோக்காரர்கிட்டச் சட்டம் பேசாத. 2013-ல பெட்ரோல் வித்த வெலைக்கு இன்னைக்கு யாரு ஊத்துறா? ஏறுறதுக்கு முன்னாலயே கூலியைப் பேசு. எறங்கும்போது பேசுறது பேச்சு இல்ல, சண்டை. வழி கேக்கணும்னா டீக்கடையில ஒரு டீயைக் குடிச்சுக்கிட்டே கேளு. செல்லுல இருக்கிற பொம்பள “வலப்பக்கம் திரும்புங்க”ம்பா. அங்க மெட்ரோவுக்குக் குழி தோண்டிப் போட்டிருக்கிறது அவளுக்குத் தெரியுமா? டீ மாஸ்டருக்குத் தெரியும்.

இருபத்தேழு எடம் எழுதுனியே, அதுல காமராசரு பேரு எங்கடா? விருதுநகர்ப் புள்ளை எழுதுன லிஸ்ட்டா இது? மூணு மாலு இருக்கு. ரெண்டு காப்பிக் கடை இருக்கு. நம்ம ஊர்ல 1903-ல பொறந்து, 1954-ல இருந்து 1963 வரைக்கும் இந்த ராச்சியத்தை ஆண்ட மனுசன் இல்ல. மெரினாவுல அண்ணா, எம்.ஜி.ஆர்., ஜெயலலிதா, கலைஞரு எல்லாரு சமாதியும் வரிசையா இருக்கும். காமராசரைத் தேடி அங்க போனா கெடைக்காது. கிண்டியில, காந்தி மண்டபத்துக்குப் பக்கத்துல இருக்காரு. 1975-ல அக்டோபர் 2-ஆம் தேதி, காந்தி பொறந்த நாளாப் பாத்து மூச்சை விட்டாரு. கடற்கரை ரோட்டுக்குத்தான் காமராசர் சாலைன்னு பேரு.

அவரு இருந்த வீடு தி.நகர்ல திருமலைப் பிள்ளை ரோட்டுல இருக்கு. நீ துணி எடுக்கப் போற ஊருக்குள்ளயேதான். வாடகை வீடு. இப்ப சர்க்காரு நினைவு இல்லமா வச்சிருக்கு. உள்ள போயிப் பாரு. கட்டிலு, நாற்காலி, புஸ்தகம். முடிஞ்சுபோச்சு. “இதுல பாக்க என்ன இருக்கு தாத்தா?”ன்னு கேப்ப. ஒன்பது வருசம் முதலமைச்சரா இருந்தவரு வீட்டுல பாக்க ஒண்ணும் இல்லைங்கிறதைத்தாண்டா பாக்கச் சொல்றேன். அது சரி, விருதுநகர்லயே அவரு பொறந்து வளந்த வீடு இருக்கே, அதைப் பாத்துட்டியா? பரோட்டாக் கடைக்குப் போற வழியில எத்தனை வாட்டி தாண்டிப் போயிருப்ப?

பரோட்டான்னதும் காது நிமிருது பாரு. பட்டணத்துல அங்கங்க ‘விருதுநகர் எண்ணெய்ப் பரோட்டா’ன்னு போர்டு தொங்கும். அதைக் கண்டதும் பதினோரு பேரும் ஓடுவீக. ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல ரயில் ஏறிப் போயி நம்ம தெரு பரோட்டாவைத் திங்க, அதுவும் ரெட்டை வெலைக்கு! அதுக்குச் செல்லுல நட்சத்திரம் எண்ணிப் பாத்து, நாலரைன்னா உள்ள போவ, மூணேமுக்கால்னா திரும்பி வருவ. கூட்டம் எங்க நிக்கி, எல மாறி மாறி எங்க விழுகுன்னு கண்ணு பாக்காதா? அதுக்குமா செல்லு?

பீச் ஸ்டேசனுக்குப் பக்கத்துல பர்மா பஜாரு இருக்கு. பர்மாவுல இருந்து நம்ம சனம் 1960-களில் கையில ஒண்ணுமில்லாமத் திரும்பி வந்துச்சு பாரு, அவுகளுக்காக 1969-ல வந்த கடைவீதி அது. அந்தப் பக்கம் சாயங்காலம் தள்ளுவண்டியில அத்தோன்னு ஒண்ணு குடுப்பாக. நூடுல்ஸ்ல முட்டைக்கோசும் பொரிச்ச வெங்காயமும் புளித்தண்ணியும் போட்டுக் கையாலயே பெசைஞ்சு. அதைத் தின்னு பாரு. விருதுநகர்ல பர்மாக் கடையில பொரிச்ச பரோட்டா தின்னு வளந்த நாக்குதானே ஒன்னோடது? பர்மா அங்க என்ன விட்டுட்டுப் போயிருக்குன்னும் தெரிஞ்சுக்க.

தி.நகருக்கு மாம்பலம் ஸ்டேசன்ல எறங்கு. 2023-ல இருந்து பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ஆகாய நடைபாலம் போட்டிருக்காக. மேல இருந்தே ரங்கநாதன் தெருவைப் பாக்கலாம். “யம்மாடி, என்னா கூட்டம்!”னு வாயைப் பொளக்காத. ஆடிக் கடைசி வெள்ளிக்கு இருக்கன்குடி கோயிலுக்குப் போயிட்டு வந்தவனுக்கு இதெல்லாம் கூட்டமா? அங்க எப்படிப் போவோம்? காசைப் பிரிச்சு மூணு மடியில முடிவோம். சின்னப்புள்ளை சட்டைப்பையில பேரும் போன் நம்பரும் எழுதிப் போடுவோம். தொலைஞ்சா இன்ன மரத்தடின்னு முன்னாலயே பேசிக்கிருவோம். அதையே இங்கயும் செய்யி. மரத்தடிக்குப் பதிலா பனகல் பார்க்கு வாசல்னு வச்சுக்க. செல்லு இருக்கேம்ப. சாயங்காலம் ஏழு மணிக்கு அதுல சார்ஜு இருக்குமா? பூராத்தையும் கடல்ல போட்டோ புடிச்சே தீத்திருப்பியே.

கடல்னதும் ஒரு வார்த்தை. மெரினாவுல குளிக்கக் கூடாதுன்னு போலீசு வெரட்டுவாக. நல்லதுக்குத்தான். அந்தத் தண்ணி கரைக்குப் பக்கத்துலயே உள்ள இழுக்கும். வைப்பாத்துலயும் அர்ச்சுனா நதியிலயும் தண்ணியைவிட மணலை அதிகமாப் பாத்து வளந்தவுக நாம. நமக்கு எங்க நீச்சலு? கணுக்கால் நனைச்சாப் போதும். சுண்டல் வாங்கு, மணல்ல உக்காரு, செல்லைப் பைக்குள்ள போடு. பயர் ஆபீசுல பொழுதன்னைக்கும் செல்லு இல்லாம இருக்கிறவனுக்கு, கடலுக்கு முன்னால அரை மணி நேரம் இருக்க முடியாதா? அங்க உழைப்பாளர் சிலை இருக்கு. நாலு பேரு பாறையைப் புரட்டுற மாதிரி. 1959-ல வச்சது, தேவி பிரசாத் ராய் சௌத்ரி செஞ்சது. அதுக்கு முன்னால மட்டும் பதினோரு பேரும் நின்னு ஒரு படம் எடுத்துக்கங்க. அந்தப் படத்துல நிக்கிறதுக்கு நம்ம ஆளுகளுக்கு உரிமை இருக்கு.

என்ன முழிக்கிற? இம்புட்டும் எப்படித் தெரியும்னா? காது இருக்கு, கண்ணு இருக்கு, வெளித்திண்ணை இருக்கு. போறவன் வாரவன் பூராம் இங்க உக்காந்துதானே கதை சொல்றான்.

சரி, டிக்கெட்டு போடும்போது ஒரு விசயம். மத்தவுகளோட சேத்து ஒரே டிக்கெட்டாப் போட்டா கெழடு கட்டைகளுக்குக் கீழ் பெர்த்து கோட்டா கெடைக்காது. 60 வயசான ஆம்பளை, 45 ஆன பொம்பளை, ஒருத்தரோ ரெண்டு பேரோ மட்டும் தனி டிக்கெட்டுல இருந்தாத்தான் அந்தக் கோட்டாவுல பாப்பாக. வயசானவுகளுக்குக் குடுத்த கட்டணச் சலுகையை 2020 மார்ச்சுல நிப்பாட்டுனவுக இன்னும் திருப்பித் தரல, முழுக் காசுதான். அதனால எனக்கும் ஒங்க அப்பத்தாவுக்கும் தனியா ஒரு டிக்கெட்டு போடு. குரூப்புல ஏழாவது அட்மினா என்னையும் சேத்துக்க. டீசட்டை மட்டும் வேணாம்.